ஓர் ஊரின் ஆவணத்தை ஐந்து குறியீட்டு முறைகளில் சிதறவிடக் கூடாது

அந்தியேட்டிக்கு அச்சிட்ட ‘கல்வெட்டு’ எனும் நினைவு நூல்கள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள் என்று சாவகச்சேரியிலும் அயலூர்களிலும் எஞ்சியிருப்பவற்றைத் தட்டெழுதி இணையத்தில் வைக்கும் வேலை நடக்கிறது. இதற்கு நண்பர் ஒருவர் சொல்லும் யோசனை இது: தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைக் கோப்பில் குறிக்க யாருக்கு எந்தக் குறியீட்டு முறை கைவந்ததோ அதிலேயே எழுதட்டும். ஒருவர் மார்க்டவுன், ஒருவர் அஸ்கிடொக், வேறொருவர் ஓர்க் மோட். பக்கங்களை உருவாக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் என்கிறார். ஒரே முறை வேண்டும் என்று கேட்பவர்கள் எழுதுபவர்களின் சுதந்திரத்தைப் பறிக்கிறார்களாம். கேட்க நன்றாக இருக்கும் இந்த யோசனை ஆவணத்தை அழித்துவிடும்.

மென்பொருள் எல்லாவற்றையும் ஏற்கிறது என்பதே அரை உண்மை. அவர் பரிந்துரைக்கும் ஹியூகோ என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். மார்க்டவுன், எச்.டி.எம்.எல்., ஓர்க் மோட் மூன்றையும்தான் அது தானே கையாளும். அஸ்கிடொக் கோப்பு ஒன்று இருந்தால் அஸ்கிடொக்டர் என்ற வேறொரு மென்பொருளை நிறுவ வேண்டும். அதற்கு ரூபி என்ற நிரல்மொழி வேண்டும். ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்ற இன்னொரு முறை என்றால் பைத்தன் நிரல்மொழியும் டொக்யூட்டில்ஸ் மென்பொருளும் வேண்டும். இந்த வெளி மென்பொருள்களை இயக்க ஹியூகோவின் பாதுகாப்பு அமைப்பில் தனியாக அனுமதியும் எழுத வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் பக்கங்கள் ஒரே மாதிரி வராது. படத்துக்குக் கீழே விளக்கம் வரும்படி, வெளி இணைப்புகள் தனியாகத் தெரியும்படி ஹியூகோவில் வார்ப்புரு எழுதலாம். அந்த வசதி மார்க்டவுன் பக்கங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே மலரின் பாதிக் கட்டுரைகளில் படவிளக்கம் இருக்கும், மறுபாதியில் இருக்காது. இதற்குப் பெயர் ஏற்றுக்கொள்வதா?

அதைவிட மோசமானது குறிகளின் குழப்பம். வரியின் தொடக்கத்தில் # போட்டு இடைவெளி விட்டு ‘முன்னுரை’ என்று எழுதினால் மார்க்டவுனில் அது தலைப்பு. அதே வரியை ஓர்க் மோட் கோப்பில் ஒட்டினால் அது எழுதுபவரின் தனிக்குறிப்பாகிவிடும். பக்கத்தில் வரவே வராது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் ஒரு தலைப்பு காணாமற்போகும். வரியின் தொடக்கத்து * மார்க்டவுனில் பட்டியலின் ஓர் உருப்படி, ஓர்க் மோடில் தலைப்பு. சொல்லின் இருபுறமும் ஒற்றை * போட்டால் மார்க்டவுனில் சாய்வெழுத்து, அஸ்கிடொக்கில் தடித்த எழுத்து. பலர் கைபட்ட கோப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பத்தி நகரும்போது என்ன நடக்கும் என்பதை நண்பர் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

தமிழுக்கு வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. இதை அவர் தொடவே இல்லை. நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். ‘நூல்களில்’ என்ற சொல்லில் ‘நூல்’ மட்டும் தடிக்கும்படி அதன் இருபுறமும் இரட்டை நட்சத்திரம் இட்டால் மார்க்டவுன் புரிந்துகொள்ளும். ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் புரிந்துகொள்ளாது. மூடும் குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வேண்டும் என்பது அதன் விதி. பின்சாய்கோடும் இடைவெளியும் இட்டுத்தான் உருபை ஒட்ட முடியும். அஸ்கிடொக்கில் இரட்டை நட்சத்திரம் வேலை செய்யும், ஒற்றை செய்யாது. ஓர்க் மோடில் தடித்த எழுத்துக்கு ஒற்றை நட்சத்திரம். அதன்பின் உருபு ஒட்டினால் நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் நிற்கும். மார்க்டவுனும் குற்றமற்றதல்ல. “ஈழகேசரி” என்பதை மேற்கோள்குறிகளோடு சேர்த்து நட்சத்திரங்களுக்குள் இட்டு ‘யில்’ ஒட்டினால், மேற்கோள்குறிக்கும் ‘யி’க்கும் நடுவில் நிற்கும் நட்சத்திரங்களைப் பொதுவிதியான கொமன்மார்க் மூடும் குறியாக எடுக்காது. மேற்கோள்குறிகளை நட்சத்திரங்களுக்கு வெளியே வைத்து எழுத வேண்டும். ஒரு முறைக்கு இப்படி ஒரு விதித்தாள் எழுதித் தட்டெழுதும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஐந்து முறைக்கு ஐந்து விதித்தாள் கொடுத்தால் யாரும் ஒன்றையும் பின்பற்ற மாட்டார்கள்.

அவரவர் வசதிக்கு அவரவர் முறை என்பதன் விலையை வேறு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தட்டச்சு நிலையங்களும் அச்சகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் வாழ்ந்தன. தமிழ்நாட்டில் டாம், டாப் என்ற எழுத்துக் குறியாக்கங்கள், இணையத்தில் திஸ்கி என்ற குறியாக்கம். பாமினிக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று கலந்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவி அதையும் தமிழாக நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் திஸ்கியில் ஏற்றிய நூல்களை மீண்டும் யூனிகோடில் கொண்டுவரும் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை உழைப்பின் பெரும்பகுதி, ஏற்கெனவே தட்டெழுதியதை மறுபடி மாற்றுவதில் போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் அதே குழியை வேறு பெயரில் தோண்டச் சொல்கிறவரை எப்படி மன்னிப்பது?

நண்பரின் வாதங்களில் வலுவுள்ளது ஒன்று உண்டு. ஜோன் குரூபர் 2004இல் வெளியிட்ட மூல மார்க்டவுனில் அட்டவணையும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. பிறகு ஆளுக்கு ஒரு வகை சேர்த்ததால் மார்க்டவுன் என்பதே ஒன்றல்ல, பல. இது உண்மை. ஹியூகோவே 2019இல், மார்க்டவுனைப் பக்கமாக்கும் பழைய இயந்திரமான பிளாக்ஃபிரைடேக்குப் பதிலாகக் கோல்ட்மார்க்கை இயல்பு இயந்திரமாக்கியது. கோல்ட்மார்க் மார்க்டவுனுக்குள் எழுதிய நேரடி எச்.டி.எம்.எல்.ஐ இயல்பாக விட்டுவிடும் என்பதால், அப்படி எழுதிய அட்டவணைகள் பக்கங்களிலிருந்து மறைந்தன. ஆனால் இதிலிருந்து நண்பர் எடுக்கும் முடிவு தலைகீழானது. ஒரே முறையில் ஓர் இயந்திரம் மாறியதற்கே இவ்வளவு சேதம் என்றால், ஐந்து இயந்திரங்கள் ஐந்து வேகத்தில் மாறும்போது யார் தாங்குவது? கிட்ஹப் பேஜஸ் போன்ற பெரிய சேவையே 2016 மேயில் கிராம்டவுன் என்ற ஒற்றை மார்க்டவுன் இயந்திரத்துக்குச் சுருங்கியது. சம்பளத்துக்குப் பொறியாளர்கள் இருக்கும் இடத்தில் சுருக்கினார்கள். மாலை நேரத்தில் ஓரிருவர் பார்க்கும் வேலையை விரிக்கச் சொல்கிறார் நண்பர்.

சுதந்திரத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். எழுதுபவர் எதில் வேண்டுமானாலும் எழுதித் தரட்டும். வேர்ட் கோப்பாகத் தரலாம், அஸ்கிடொக்காகத் தரலாம், கையால் எழுதியும் தரலாம். ஜோன் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டொக் என்ற இலவச மென்பொருள், தட்டெழுதிய கோப்புகளில் பெரும்பாலானவற்றை ஒரே கட்டளையில் மார்க்டவுனாக்கும். அப்போதே ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துச் சேமிக்க வேண்டும். வாங்குவது பல வடிவில் இருக்கலாம், காப்பது ஒரு வடிவில்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டு எதிர்த்தரப்பை அதிகாரக்காரர்கள் என்பது நேர்மையான வாதம் அல்ல. அவர் கேட்கும் சுதந்திரம் இன்று எழுதுகிறவருக்கு மட்டும். அதன் செலவு முழுவதும் நாளை பராமரிக்கப்போகும், இன்னும் யாரென்று தெரியாத ஒரு பிள்ளையின் தலையில்.

அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கோபம் வருகிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் வந்து நின்றது. 2000இல் சாவகச்சேரியை உள்ளடக்கிய தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. சாவகச்சேரி நகரம் சண்டையில் இடிந்தது. வீடுகளோடு அலுமாரிகளும் அவற்றிலிருந்த கடதாசிகளும் போயின. இன்று கைக்கு வருகிற ஒரு கல்வெட்டு, கறையான் தின்ற மலரின் நடுப்பக்கம், அதற்கு இன்னொரு பிரதி இல்லாமலே இருக்கலாம். இந்தத் தட்டெழுதும் வேலையைச் செய்யும் இளையவர்கள் நாளை கனடாவுக்கோ இலண்டனுக்கோ போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின் வருகிறவர் கோப்பைத் திறந்ததும் வாசிக்க முடிய வேண்டும். ரூபியும் பைத்தனும் எந்தப் பதிப்பில் இருந்தன என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே நண்பரின் யோசனையை முழுவதாக நிராகரிக்க வேண்டும். கொமன்மார்க் விதிப்படியான மார்க்டவுன், அதோடு அட்டவணைக்கும் அடிக்குறிப்புக்கும் ஒப்புக்கொண்ட இரண்டு நீட்சிகள். எந்த இயந்திரம், எந்தப் பதிப்பு என்பது முதற்கோப்பில் எழுதப்பட வேண்டும். உருபு ஒட்டுவதற்கு ஒரு பக்க விதித்தாள். வேறு வடிவில் வருவது வாசலிலேயே மாற்றப்பட வேண்டும். மாற்ற ஆளில்லை என்றால், ஆள் கிடைக்கும்வரை அது காத்திருக்கட்டும். இதை ஏற்க முடியாதவர் தன் சொந்தக் குறிப்புகளை விருப்பமான முறையில் எழுதிக்கொள்ளலாம். ஊரின் ஆவணத்தில் அவருடைய விருப்பத்துக்கு இடமில்லை.