வாயால் சொன்னால் மாடு எழுந்துவிடுமா?

கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்ல இவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். நான் மாட்டு டாக்டர் இல்லை. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், நேரில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது என்ற கதையை நிறையப் பார்த்தவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன் வெளியூரில் கால்நடை மருத்துவம் படிக்கிறான். போன மாதம் விடுமுறையில் வந்தவனிடம், "பிராக்டிகல் எப்படித் தம்பி?" என்று கேட்டேன். "ரெக்கார்டு நோட்டுக்கு மார்க்கு, வைவாவுக்கு மார்க்கு, மிச்சம் வருகிற எக்ஸாமினரைப் பொறுத்தது, தாத்தா" என்றான். "மாட்டைத் தொட்டாயா?" "கூட்டமாக நின்று பார்த்தோம்" என்றான்.

இது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் எங்கே நடந்தாலும் தப்பு தப்புதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கன்று போட்ட ஓரிரு நாளில் நல்ல கறவை மாடு திடீரென்று படுத்துவிடும். கழுத்தை ஒரு பக்கமாக மடித்துக்கொள்ளும். பால் காய்ச்சல் என்பார்கள். பெயர்தான் காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதுதான் காரணம். சிகிச்சை என்ன என்று வைவாவில் கேட்டால், "நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும்" என்று எந்த மாணவனும் சொல்லிவிடுவான். முழு மார்க்கு. ஆனால் அதை மெதுவாக ஏற்ற வேண்டும், ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் அந்த மருந்தே இதயத்தை நிறுத்திவிடும். குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்து விடுவதும் அப்படித்தான். குழாய் மூச்சுக்குழலுக்குள் போனது தெரியாமல் ஊற்றினால் மருந்து நுரையீரலில் இறங்கும். இதெல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. கையைப் பார்க்காமல் போடுகிற மார்க்கு எதற்கான மார்க்கு?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியது. தொடங்கிய பூர்ழெலா குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அன்று மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய்க்கு வழி தேட வேண்டியிருந்ததும் அந்தப் பள்ளி பிறக்க ஒரு காரணம். மாணவர்கள் லாடம் அடிக்கிற உலைக்களத்திலும் கற்றார்கள், நோய் கண்ட ஊர்களுக்கும் போனார்கள். இந்தப் படிப்பு பிறந்ததே கைத்தொழிலாகத்தான்.

வழி இல்லாமல் இல்லை. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் மனித மருத்துவ மாணவர்களுக்கு ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். பிறகு பல நாட்டுக் கால்நடைக் கல்லூரிகளும் அதை எடுத்துக்கொண்டன. வரிசையாகப் பல இடங்கள். ஓரிடத்தில் ஒரு வேலை. மாட்டுக்குத் தலைக்கயிறு போடு, காய்ச்சல் பார், இடது விலாவுக்குப் பின்னால் காது வைத்து வயிற்றின் அசைவை எண்ணு, நாய்க்கு வாய்க்கட்டுப் போடு, தையல் போடு. சில நிமிடம் கழித்து மணி அடிக்கும், அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். தேர்வாளர் கையில் ஒரே பட்டியல். செய்ததற்கு டிக், செய்யாததற்கு இல்லை. யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு ஆங்கிலம் சரளம் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

இதற்குச் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். பட்டியலை மனப்பாடம் செய்து நடித்துவிடுவார்கள் என்பது ஒன்று. அதற்குத்தான் பட்டியலோடு சேர்த்து, மொத்தத்தில் இவன் கை எப்படி என்று அனுபவசாலி ஒரு மதிப்பீடும் போட வேண்டும். ஒரே மாட்டின் ஆசனவாயில் நாற்பது பேர் கைவிட்டுச் சினை பார்ப்பது பாவமில்லையா என்பது இன்னொன்று. பாவம்தான். அதற்குப் பொம்மை மாடு இருக்கிறது, இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் கருப்பை இருக்கிறது. ஆனால் உயிருள்ள மாட்டின் பக்கத்தில் எப்படிப் போய் நிற்பது என்பதைப் பொம்மை சொல்லித் தராது. இரண்டும் வேண்டும்.

கடைசி ஒரு வருடப் பயிற்சியில் எல்லாம் வந்துவிடும் என்பார்கள். வரலாம். வந்ததா என்று யார் பார்த்தார்கள்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் வேலை கற்றுவிட்டான் என்று அர்த்தமா? முப்பது வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவன் சொல்கிறேன், இல்லை.

ஆள் போதாது, செலவாகும் என்பதும் உண்மைதான். அப்படியானால் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேர்வை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உயிர்போகும் தவற்றைச் செய்தவனை, மற்ற மார்க்கைக் கூட்டிப்போட்டுத் தேற்றி அனுப்பாதீர்கள். மறுபடி பழகி வந்து எழுதட்டும். அவனுக்குப் போவது சில வாரம். ஒரே மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற வீட்டுக்குப் போவது அந்த மாடு.