பதினொரு மாத வீடும் பன்னிரண்டாவது மாதமும்

கிழக்கு தில்லியில், மயூர் விஹாரில், தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட். மத்திய அரசு ஊழியர் ஒருவர் வருங்கால வைப்பு நிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. அவர் காலமானபின் அவரது மனைவி புனேயில் மகனோடு இருக்கப் போனார். வீடு மாதம் ரூ. 22,000 வாடகைக்குப் போயிற்று. குடிவந்தவர் கடை வைத்திருப்பவர், மரியாதைக்காரர். 'மாதாஜி' என்றுதான் கூப்பிடுவார். ஐந்தாம் தேதி ஆனால் வாடகை வங்கிக்கு வந்துவிடும். பதினொரு மாத ஒப்பந்தம் இரண்டு முறை சச்சரவில்லாமல் புதுப்பிக்கப்பட்டது.

மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் 68 வயது மாமிக்குத் தன் வீடு தேவைப்பட்டது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம். "மாதாஜி, பையனுக்கு மார்ச்சில் போர்டு பரீட்சை" என்றார் குடித்தனக்காரர். நியாயம்தான். மார்ச் போயிற்று. மே மாதம், "இந்த வெயிலில் எங்கே போய் வீடு தேடுவது?" ஆகஸ்டில் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மாமி தங்கை வீட்டு ஹாலில் மடக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார். வாடகை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அண்டை வீட்டுக்காரர் யோசனை சொன்னார்: "பியூஸைப் பிடுங்கிடுங்கோ மாமி. ரெண்டே நாள்ல ஓடிடுவான்."

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இதே யோசனை தினமும் யாருக்காவது சொல்லப்படுகிறது. இதைவிட மோசமான யோசனை கிடையாது. ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும் குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை. பூட்டை உடைத்தோ சாமான்களைத் தெருவில் எறிந்தோ வெளியேற்றினால், தனிநிலைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். 'வீடு என்னுடையது' என்ற பதில் அந்த வழக்கில் எடுபடாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தினால், நீதிமன்றப் படியேறும் முதல் ஆள் குடித்தனக்காரராகவே இருப்பார். அதுவரை நியாயம் பக்கத்தில் இருந்த மாமி பிரதிவாதியாகி நிற்பார்.

பதினொரு மாதக் கணக்கைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பன்னிரண்டாவது மாதம் பிறந்ததும் வீடு தானாகக் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பதினொரு மாதம். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை.

ஐந்தாம் தேதி தவறாமல் வந்த பணம்தான் மாமியின் வழக்கில் பெரிய கண்ணி. கெடு முடிந்தபின்னும் உரிமையாளர் வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால், குடியிருப்பு தொடர அவர் சம்மதித்துவிட்டார் என்று வாதிட இடம் கிடைக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 116ஆவது பிரிவு அப்படிப்பட்ட குடியிருப்பை மாதாந்தரக் குடியிருப்பாகக் கருத வழிசெய்கிறது. எனவே கெடு முடியுமுன்பே, 'புதுப்பிக்கப் போவதில்லை' என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு வரும் பணம் வாடகையாக அல்ல, வீட்டைப் பயன்படுத்தியதற்கான ஈடாகவே ஏற்கப்படுகிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். போனில் பேசியது எதுவும் சாட்சி சொல்ல வராது.

மாமியின் வக்கீல் செய்தது அதைத்தான். 106ஆவது பிரிவின்படி பதினைந்து நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. அடுத்தது சிவில் வழக்கு.

அதிர்ஷ்டவசமாக வாடகை 3,500 ரூபாயைத் தாண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் அதன் பிடியிலிருந்து விலக்கப்பட்டன. அதற்குக் கீழே உள்ள பழைய வாடகைகளின் கதை வேறு. கன்னாட் சர்க்கஸில் ஓர் இடத்தின் மாத வாடகை ரூ. 371.90. வெளியேற்ற உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்த குடித்தனக்காரர், தடையாணை வேண்டுமென்றால் மாதம் ரூ. 15,000 கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2004இல் உறுதி செய்தது. வெளியேற்ற உத்தரவு வந்தபின் பழைய வாடகையிலேயே காலம் தள்ள முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த நிலைமை ஏன் வந்தது? வாடகைக் கட்டுப்பாடு ஏழைக் குடித்தனக்காரரைக் காக்கத்தான் பிறந்தது. ஆனால் பம்பாயில் 1940ஆம் ஆண்டு வாடகை அரை நூற்றாண்டுக்கு மேல் உறைந்து நின்றது. அது நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்ன பிறகே 1999இல் மகாராஷ்டிரம் புதிய சட்டம் செய்தது. அங்கே உரிம ஒப்பந்தத்தின் கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரட்டிப்புக் கட்டணம் தர வேண்டும். தில்லிக்காக நாடாளுமன்றம் 1995இல் நிறைவேற்றிய சட்டமோ, வியாபாரிகளின் எதிர்ப்பால் அமலுக்கே வரவில்லை. மத்திய அமைச்சரவை 2021இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், காலி செய்யாதவருக்கு முதல் இரண்டு மாதம் இரு மடங்கும் பிறகு நான்கு மடங்கும் வாடகை விதிக்கிறது. குடியிருப்புக்கான டெபாசிட் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் உயிர் வரும்.

டெபாசிட் பற்றிய அந்த வரி முக்கியமானது. குடித்தனக்காரர்கள் எல்லோரும் வில்லன்கள் அல்ல. சுவரில் ஆணி அடித்ததற்கும் பெயின்ட் உரிந்ததற்கும் கணக்குப் போட்டு டெபாசிட்டை விழுங்கும் உரிமையாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பணம் திரும்பாது என்ற பயத்தில் சாவியைக் கொடுக்காதவர்கள் பலர்.

மாமியின் வழக்கிலும் அடைப்பு அங்கேதான் இருந்தது. வாடகை எவ்வளவு என்பதையும் நோட்டீஸ் வந்ததையும் ஒப்புக்கொண்டுவிட்டால், நீண்ட விசாரணை இல்லாமலே நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவு தர முடியும் என்று குடித்தனக்காரரின் வக்கீலே அவருக்குச் சொல்லிவிட்டார். விவகாரம் சமரச மையத்துக்குப் போனது. மேஜையின் எதிர்ப்பக்கம் இருந்து அவர் முதல் தடவையாக மனம் திறந்தார்: "மாதாஜி, வியாபாரம் படுத்துவிட்டது. உங்கள் டெபாசிட் வந்தால்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும்."

"இதை மார்ச் மாசமே சொல்லியிருக்கலாமே, பேட்டா" என்றார் மாமி.

மூன்று மாதக் கெடு. அந்தத் தேதியில் காலி செய்வதாக நீதிமன்றத்தில் எழுத்து மூலம் உறுதிமொழி. மீறினால் அவமதிப்பு நடவடிக்கை. சாவி ஒரு கையில், டெபாசிட் மறு கையில். குறித்த நாளில் லாரி வந்தது. மின்சாரக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மாமி அங்கேயே காசோலை கொடுத்தார்.

அந்த ஃப்ளாட்டின் பியூஸை யாரும் பிடுங்கவில்லை. அன்று சாயங்காலம் மாமி தன் வீட்டில் விளக்கேற்றினார்.