கடற்கரைக்கும் சரித்திரம் உண்டு

உல்லாசப் பிரயாணம் சரித்திரத்தைப் போஷித்து வளர்க்கிறது என்பது, அரசாங்கங்களும் ஹோட்டல் முதலாளிகளும் பத்திரிகைகளும், அவர்களைப் பின்பற்றிப் படித்த சாமானியர்களும், விவாதத்துக்கே இடமில்லாத உண்மையாக நம் காலத்தில் ஒப்புக்கொண்டுவிட்ட ஓர் அபிப்பிராயம். ஜனங்கள் திரள் திரளாக வந்து பார்ப்பதனால்தான் பழைய கோயில்களும் கோட்டைகளும் பாழாகாமல் நிற்கின்றன. அவர்கள் கொண்டுவந்து கொட்டும் பணத்தினால்தான் அகழ்வாராய்ச்சி நடக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் உலக சரித்திரத்தில் ஒரு பகுதியைத் தன் சொந்தமாக்கிக்கொண்டு திரும்புகிறான் என்றெல்லாம் அதற்குச் சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. உதாரணம் கேட்டால் உடனே காட்டப்படுவது கிரேக்க தேசம். ஒரு கோடியை ஒட்டிய ஜனத்தொகை கொண்ட அந்த நாட்டுக்கு 2024ஆம் ஆண்டில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட அந்நியர்கள் வந்துபோனார்கள் என்றால், சரித்திரத்தின்மேல் மனித குலத்துக்குள்ள ஆசைக்கு வேறு அத்தாட்சி எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த உதாரணத்தையே, அதிலும் வருகிறவர்களில் பெருங்கூட்டத்தைக் கவர்ந்திழுக்கும் தீவுகளையே எடுத்துக்கொண்டு, இந்த அபிப்பிராயம் எவ்வளவு பொய்யானது என்று காட்ட விரும்புகிறேன்.

இந்த அபிப்பிராயம் உயிர்வாழ்வது ஒரு பாகப்பிரிவினையின் பலத்தில். வேலி போட்டு, காவலாள் வைத்து, நுழைவுச் சீட்டு விற்கிற இடம் சரித்திரத்தின் பாகம். மற்றதெல்லாம், முக்கியமாகக் கடற்கரை, சூரியனுக்கும் மணலுக்கும் சாய்வு நாற்காலிக்கும் உரிய பாகம். முதற்பாகத்தில் ஒரு மணி நேரம் நின்று படமெடுத்துக்கொண்டால் கடமை தீர்ந்தது. பிறகு பத்து நாளும் இரண்டாம் பாகத்தில் நிம்மதியாகக் கிடக்கலாம். ஆனால் தீவு என்பது என்ன? தானியம் வந்ததும் தெய்வம் வந்ததும், படை வந்ததும் கொள்ளைக்காரன் வந்ததும், நாடுகடத்தப்பட்டவன் கைவிலங்கோடு வந்து இறங்கியதும், பஞ்சம் பொறுக்காத பிள்ளை அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும், எல்லாம் கரையின் வழியாகத்தானே? உள்நாட்டு ராஜ்யங்களுக்குச் சரித்திரம் அரண்மனையில் நடந்திருக்கலாம். தீவுக்கு அது கரையில் நடந்தது. கரைக்குச் சரித்திரமில்லை என்று சொல்லிவிட்டால் தீவுக்கே சரித்திரமில்லை என்று சொன்னதாக முடியும்.

மெலோஸ் தீவைப் பாருங்கள். அங்கே சரகீனிக்கோ என்ற இடத்தில், எரிமலைச் சாம்பல் இறுகி வெண்பாறையாகிக் கடலுக்குள் இறங்கியிருப்பதை, சந்திர மண்டலத்தைப் போலிருக்கிறதென்று வியந்து, கோடைதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன்மேல் படுத்து வெயில் காய்கிறார்கள். கி.மு. 416ஆம் ஆண்டில் இதே தீவின் கரைக்கு ஏதென்ஸ் நகரத்தார் போர்க்கப்பல்களோடு வந்து, எங்களுக்கு அடங்கிக் கப்பம் கட்டுகிறீர்களா, அழிகிறீர்களா என்று கேட்டார்கள். யாருக்கும் பகையாகாமல் நடுநிலையில் இருக்க விடுங்கள் என்று தீவினர் நியாயம் பேசினார்கள். நியாயம் சமபலமுள்ளவர்களுக்குள்தான் செல்லும் என்று வந்தவர்கள் விடை சொன்னதாகத் துசிடிடீஸ் தம் சரித்திர நூலின் ஐந்தாம் பாகத்தில் எழுதிவைத்திருக்கிறார். முற்றுகைக்குப் பின் தீவு சரணடைந்தது. கையில் அகப்பட்ட ஆண்மக்களைக் கொன்றார்கள், ஸ்திரீகளையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள், வெறுமையான ஊரில் தங்கள் குடிகள் 500 பேரைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். ஜனநாயகத்தின் தாயகமென்று நாம் போற்றும் ஏதென்ஸின் மறுமுகத்தை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிற இடம் பூமியில் வேறொன்றில்லை. வல்லரசும் சிறுநாடும் பேசிக்கொள்ளும் போதெல்லாம் இன்றும் ராஜதந்திரிகள் எடுத்துக்காட்டும் சம்பாஷணை அது. அந்தச் சம்பாஷணை நடந்த தீவில் இறங்குகிறவனுக்கு விற்கப்படுவது பாறையின் வெண்மை மாத்திரம். தீவின் கீர்த்திக்குக் காரணமான வீனஸ் சிலையோ, 1820இல் ஓர் உழவனின் நிலத்தில் அகப்பட்டுப் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டு பழைய கதையை யார் ஞாபகம் வைத்திருப்பார் என்று கேட்கலாம். கிரீட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள எலஃபோனிசிக்கு வாருங்கள். உலகத்தின் மிகச் சிறந்த கடற்கரைகளின் வரிசையில் ஆண்டுதோறும் இடம்பெறும் அதன் பெருமை இரண்டு: இளஞ்சிவப்பு மணல் ஒன்று, கரைக்கும் எதிரிலுள்ள சிறு திட்டுக்கும் நடுவே முழங்கால் அளவே ஆழமுள்ள, குழந்தைகள் பயமின்றி விளையாடக்கூடிய தண்ணீர் மற்றொன்று. 1824ஆம் ஆண்டு வசந்த காலத்தில், துருக்கிய ஆட்சிக்கு எதிரான கலகத்தை அடக்க வந்த படைக்கு அஞ்சி ஓடிய நூற்றுக்கணக்கான ஜனங்கள், பெரும்பாலும் ஸ்திரீகளும் குழந்தைகளும் முதியோரும், தங்களை ஏற்றிச்செல்லக் கப்பல் வருமென்று நம்பி அந்தத் திட்டில் ஒளிந்திருந்தார்கள். படையின் குதிரையொன்று அவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தே அக்கரை சேர்ந்ததைக் கண்டுதான் அங்கே ஆழமில்லையென்று சிப்பாய்கள் தெரிந்துகொண்டார்கள் என்று அப்பிரதேசத்தார் வழிவழியாகச் சொல்கிறார்கள். அன்று அந்த மணலில் நடந்த கொலைக்கு அடையாளமாகத் திட்டின் உச்சியில் ஒரு கல் இருக்கிறது. விளம்பரங்கள் கொண்டாடுகிற அதே ஆழமின்மையே அந்த ஜனங்களுக்கு யமனாக வந்தது. இந்த விஷயம் தெரியாமல் எலஃபோனிசியின் தண்ணீரைப் பார்த்தேன் என்கிறவன் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இன்னும் சமீபத்துக்கு வந்தால் செரிஃபோஸ் தீவு. அங்கே மெகாலோ லிவாதி என்ற அமைதியான வளைகுடாவில், மரநிழலில் மீன் வறுத்துத் தரும் உணவு விடுதிகளுக்குப் பக்கத்தில், பாழடைந்த ஓர் அழகிய கட்டடமும், கடலை நோக்கி நீண்டு துருப்பிடித்த ஓர் இரும்புப் பாலமும் நிற்கின்றன. இரும்புச் சுரங்கக் கம்பெனியின் தலைமைக் காரியாலயம் அது. தாதுவைக் கப்பலில் கொட்டிய துறை இது. 1916 ஆகஸ்டில், வேலை நேரத்தைக் குறைக்கவும் சுரங்கத்தில் உயிருக்குப் பாதுகாப்புச் செய்யவும் கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, காத்திருந்த கப்பலில் தாது ஏற்ற மறுத்தபோது, காவற்படையினர் சுட்டதில் 4 பேர் மாண்டார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னமும் உண்டு. ஆயினும் நீந்திக் களைத்தவனுக்கு அந்தப் பாலம் படமெடுக்க வசதியான ஒரு துரு, அவ்வளவே. ஒரு தேசத்தின் தொழிலாளர் இயக்க சரித்திரத்தில் முக்கியமான ஓர் அத்தியாயம் அலங்காரப் பொருளாகிவிட்டது.

கூட்டமில்லாத தீவு வேண்டுமென்று தேடுகிற ரசிகர்கள் அனாஃபிக்கும் ஃபோலெகாண்ட்ரோஸுக்கும் போய், காலம் தீண்டாத தீவுகள் என்று எழுதுகிறார்கள். காலம் அவற்றை நன்றாகவே தீண்டியிருக்கிறது. 1936இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய மெட்டாக்சாஸின் சர்வாதிகாரம் தனக்குப் பிடிக்காத கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தாரையும் நாடுகடத்தி வைத்த இடங்கள் அவை. அனாஃபியில் கைதிகள் தங்களுக்குள் ஒரு கூட்டு வாழ்க்கையை அமைத்து, சமைப்பதும் தோட்டமிடுவதும் படிப்பதுமாக ஜீவித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேர்ந்த அந்நியர் ஆக்கிரமிப்புக் காலத்துப் பஞ்சத்தில் சிலர் பட்டினியால் செத்தார்கள். லாவ்ரியோ துறைமுகத்துக்கு எதிரிலுள்ள மக்ரோனிசோஸில் 1947 முதல் பல்லாயிரம் பேரை அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். கவி யானிஸ் ரிட்ஸோஸும் சங்கீத மேதை மிகிஸ் தியோடராகிஸும் அங்கே துன்பம் அனுபவித்தவர்கள். அப்பாறைத் தீவைச் சரித்திர ஸ்தலமென்று அரசாங்கம் 1989இல் பிரகடனம் செய்தது. ஆனால் பயணச் சுவரொட்டி ஒன்றிலாவது அதன் பெயர் இருக்கக் காணோம். தீவுகளைச் சிறையாகத் தேர்ந்தெடுப்பதற்கும் விடுமுறைக்குத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: சுற்றிலும் கடல், உலகத்தின் சந்தடி எட்டாத தூரம். தனிமையை விலை கொடுத்து அனுபவிக்கிறவன், அதே தனிமையைத் தண்டனையாக அனுபவித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்க வேண்டாமா?

வேலிக்குள்ளே இருக்கிற சரித்திரத்தையாவது உல்லாசப் பணம் காப்பாற்றவில்லையா என்பார்கள். ஓரளவு வாஸ்தவம்தான், நுழைவுச் சீட்டுப் பணம் கூரை போடவும் காவலுக்கும் உதவுகிறது. ஆனால் யார் முன்னே, யார் பின்னே என்று வருஷங்களைப் பார்க்க வேண்டும். அப்பல்லோ பிறந்த தீவாகக் கருதப்படும் டெலோஸில் பிரெஞ்சு அறிஞர்கள் அகழத் தொடங்கியது 1870களில். அத்தீவைப் பரிசுத்தப்படுத்துவதாகச் சொல்லி ஏதென்ஸ் நகரத்தார் பண்டைக் காலத்தில் அங்கிருந்த சமாதிகளைத் தோண்டிப் பக்கத்துத் தீவில் புதைத்த பாண்டங்கள் 1898இல் வெளிப்பட்டபோது, அவற்றை வைப்பதற்கென்றே ஏழை மீனவர் ஊராகிய மிக்கோனோஸில் ஒரு காட்சிசாலை எழும்பிற்று. இரவெல்லாம் இசை அதிரும் மதுக்கடைகள் அந்தத் தீவுக்கு வந்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின். சாண்டோரினியில் எரிமலைச் சாம்பலுக்கடியில் மூழ்கிய அக்ரோதிரி நகரத்தை 1967இல் தோண்டத் தொடங்கிய ஸ்பிரிடன் மாரினாட்டோஸ், அந்த எரிமலையைப் பற்றிய தம் கொள்கையை 1939இலேயே வெளியிட்டவர். அறியும் ஆவல் முதலில் வந்தது. விற்பனை அதன் தோளில் ஏறிக்கொண்டது. அக்ரோதிரியின் கூரை 2005இல் சரிந்து ஒரு பிரயாணி உயிரிழந்து, 2012 வரை அந்த இடம் மூடிக்கிடந்ததே, அந்த 7 ஆண்டுகளில் சாண்டோரினிக்கு வந்த கூட்டம் வராமல் நின்றதா? நிற்கவில்லை. தீவின் தலைசிறந்த சரித்திரச் சின்னம் இல்லாமலே அதன் உல்லாச வியாபாரம் செவ்வனே நடக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதை மரியாதையோடு கேட்க வேண்டும். தீவினர் பட்ட வறுமை உமக்குத் தெரியாது; 1956 ஜூலையில் சாண்டோரினியைப் பூகம்பம் குலைத்தபோது, எத்தனையோ குடும்பங்கள் வீடும் பிழைப்பும் இழந்து ஏதென்ஸுக்குப் போய்விட்டன; அவர்களுடைய பிள்ளைகளைத் திரும்பிவரச் செய்தது துசிடிடீஸ் அல்லவே, பிரயாணிகளின் பணமல்லவா என்று கேட்கிறார்கள். உண்மை. வறுமையை அழகென்று மெச்சும் பாவத்தை நான் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எங்கே குடியிருக்கிறார்கள்? ஏழை மாலுமிகள் குடியிருந்த குகை வீடுகள் நீச்சல் தொட்டி வைத்த அறைகளாகி ஓரிரவு வாடகைக்குப் போய்விட்டன. 15,000 சொச்சம் பேர் வாழும் தீவில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் வந்து இறங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு நியமனமான உபாத்தியாயரும் ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டரும் குடியிருக்க வீடு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். உபாத்தியாயர் தங்க இடமில்லாத ஊரில் சரித்திரத்தை யார் சொல்லிக்கொடுப்பது? வறுமையிலிருந்து மீட்டதற்காகப் பிரயாணத்துக்கு நன்றி செலுத்தலாம். சரித்திரத்தைக் காத்ததாக அதற்குப் பட்டம் கட்ட வேண்டியதில்லை.

இந்த உண்மையைப் புஸ்தகம் படிக்காமலே உணர்ந்தவர்கள் பாரோஸ் தீவினர். 2023ஆம் ஆண்டுக் கோடையில், குத்தகைக்கு எடுத்த எல்லையைத் தாண்டிக் கரை முழுவதும் குடைகளையும் நாற்காலிகளையும் பரப்பி வைத்திருந்த வியாபாரிகளுக்கு எதிராக, அவர்கள் துவாலைகளோடு கூடிக் கடற்கரைகளில் ஊர்வலம் போனார்கள். கிளர்ச்சி மற்றத் தீவுகளுக்கும் பரவிற்று. கடற்கரை பொதுச் சொத்து என்பது அந்நாட்டுச் சட்டம். அதை மறந்துபோன அரசாங்கம் 2024இல், கரையில் பாதியைக் காலியாக விடவேண்டும், அலை விளிம்பிலிருந்து 4 மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது என்று புதிதாக விதிக்க நேர்ந்தது. அவர்கள் கேட்டது துவாலை விரிக்க இடந்தானே, சரித்திரமல்லவே என்று சிலர் நகைக்கலாம். ஆனால் தகப்பன் படகிழுத்த கரையில், பாட்டி வலை உலர்த்திய கரையில், உட்கார உரிமை கேட்பதைவிடச் சரித்திரப் பிரக்ஞைக்கு வேறு லட்சணம் எனக்குத் தெரியவில்லை. கரை குத்தகைக்குப் போகும்போது முதலில் வெளியேறுகிறவர்கள் அந்தக் கரையின் கதை தெரிந்தவர்கள். அவர்கள் போன பிறகு எலஃபோனிசியின் கல்லைப் படிக்கவும் ஆளிராது, படித்துச் சொல்லவும் ஆளிராது.

வெயில் காய வருகிறவன்மேல் எனக்குக் கோபமில்லை. களைத்துப்போன மனிதன் கடலில் குளிப்பது பாவமாகாது. அவனுக்கு விற்கப்பட்டதை அவன் வாங்குகிறான். என் கண்டனமெல்லாம், கரையின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டு விற்பதையே சரித்திர சேவையென்று சொல்லிக்கொள்ளும் அந்த அபிப்பிராயத்தின்மேல்தான். சரித்திரத்தைக் காப்பவர்கள் அதைத் தோண்டுகிறவர்கள், எழுதுகிறவர்கள், கற்பிக்கிறவர்கள், அது நடந்த இடத்தை விட்டுப் போகாமல் வாழ்கிறவர்கள். பிரயாணம் அவர்கள் சேர்த்து வைத்ததைச் செலவழிக்கிறது. செலவழிப்பது குற்றமில்லை, ஆனால் செலவாளி தன்னைக் கொடையாளி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவன் சொன்னாலும் நாம் நம்பக் கூடாது.