வகுப்பை விட்டுச் சென்றது யார்?

பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்து கட்டடப் பணிகளில் சேரும் ராய்ச்சூர், யாத்கிர் மாவட்டத்தினர் ஏராளம். ஊரில் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்த ஒரு பெண், மழை பொய்த்ததால் குடும்பத்துடன் இங்கு வந்து சித்தாளாக வேலை செய்கிறார் என்று கொள்வோம். கிராமத்துப் பதிவேட்டில் அவர் 'இடையில் நின்றவர்'. பெங்களூரிலோ எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

வயதுவந்தோர் கல்வி பற்றி நாடாளுமன்றத்தில் எழும் வினாக்களுக்கு, சேர்ந்தோர் எண்ணிக்கையும் ஒதுக்கிய நிதியும் விடையாகக் கிடைக்கின்றன. பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள், மீண்டும் வருவார்களா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

ஆர்வமின்மையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அதுவல்ல. 2009 செப்டம்பர் 8-ஆம் தேதி தொடங்கப்பட்ட சாக்ஷர் பாரத் திட்டம், பெண் எழுத்தறிவில் பின்தங்கிய மாவட்டங்களின் கிராமப்புறங்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. ஊராட்சிதோறும் கல்வி மையம், மாதம் ரூ.2,000 மதிப்பூதியத்தில் ஊக்குநர்கள் என்றிருந்த அத்திட்டம் 2018 மார்ச் மாதத்துடன் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தை நிரப்ப அடுத்த மத்தியத் திட்டம் 2020-21-இல்தான் வந்தது. கற்போர் வகுப்பை விட்டுச் செல்லவில்லை. வகுப்புதான் அவர்களை விட்டுச் சென்றது.

2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், ஐந்தாண்டுகளில் 5 கோடிப் பேரை இலக்காகக் கொண்டது. ஒதுக்கீடு ரூ.1,037.90 கோடி. அதாவது, ஒருவருக்கு ஏறத்தாழ ரூ.208. கற்பிப்போர் தன்னார்வலர்கள். தன்னார்வலர் வராத நாளில் வகுப்பும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெங்களூரு நகர மாவட்டத்தில் சுமார் 88 சதவீதம். யாத்கிரில் சுமார் 52 சதவீதம். யாத்கிரின் எழுத்தறிவின்மை யாத்கிரிலேயே தங்கிவிடுவதில்லை. தலைநகரின் அடுக்குமாடிகளைக் கட்டி எழுப்புவதும் அந்தக் கைகள்தான்.

அழைத்தால் இவர்கள் வருவார்களா? விடை நம் புதுக்கோட்டையில் இருக்கிறது. 1991-92-இல் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது; கல்குவாரிப் பெண்களிடமும் சென்றது. கற்றது அன்றாட வாழ்வுக்குப் பயன்பட்டபோது, உழைத்துக் களைத்த பெண்களும் ஆர்வத்துடன் வந்தார்கள்.

எனவே, வகுப்பு வேலையிடத்துக்கு வர வேண்டும். கூலி இழப்பு நேராத நேரத்தில், கற்போரின் தாய்மொழியில் அது நடக்க வேண்டும். பெங்களூரில் தமிழும் தெலுங்கும் உருதும் பேசும் தொழிலாளர்களும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. ஊர் மாறினாலும் பதிவு தொடர வேண்டும். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவரியாகத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் செல்கிறது. அதில் சிறு பங்கேனும் இதற்குச் செலவிடப்படுவதே நியாயம்.

'இடையில் நின்றவர்' என்று எழுதிப் பதிவேட்டை மூடுவதற்கு முன், அவரைத் தேடி யாராவது சென்றார்களா என்று நாடாளுமன்றம் கேட்கட்டும்.