ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும் எங்கள் பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கோபம் வந்தால் கருத்தில் எழுதுங்கள், நாங்கள் பதில் தருகிறோம்.

2024 ஜனவரியில் லீவு எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கட்டாருக்குப் போயிருந்தோம். மச்சான் அங்கே பதினொரு வருடமாக வேலை செய்கிறார். ஆசியக் கிண்ணப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நேரம். "வந்ததுக்கு ஒரு மெட்ச் பார்த்துட்டுப் போங்க" என்று அவரே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். ஜனவரி 29, கட்டாரும் பலஸ்தீனமும், அல் பைத் மைதானம்.

அந்தப் பெயரை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது. மொரோக்கோவும் பிரான்ஸும் மோதிய அரையிறுதியும் அங்கேதான். ஊரே நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்து, பிறகு வாயடைத்துப் போய் சுபஹுக்கு எழும்பினோமே, அந்த ஆட்டம்.

தோஹாவில் இருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர், அல் கோர் என்ற ஊரில் இருக்கிறது. தூரத்தில் பார்க்க பெரிய கூடாரம்தான். பாலைவனத்து அரபிகள் ஆட்டு மயிரில் நெய்து கட்டிய கூடாரத்தின் வடிவத்தையே மைதானமாக எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே அறுபதாயிரத்துக்கு மேல் ஆட்கள். கூரையை வேண்டுமானால் மூடலாம், வேண்டுமானால் திறக்கலாம். தொழுகை அறை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரை, யாரும் தூக்காமல் தள்ளாமல், அவருடைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள். இந்த ஒன்றைப் பார்த்தபோது எங்கள் பாடசாலை மேடையின் படிக்கட்டு நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

உலகக் கிண்ணத்துக்கான எட்டு மைதானங்களில் ஏழு புதிதாகக் கட்டியவை. அல் துமாமா அரபிப் பிள்ளைகள் அணியும் தொப்பியின் வடிவம். வரைந்தவர் கட்டார் நாட்டுக்காரர். அல் ஜனூபை வடிவமைத்தவர் பக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத் என்ற பெண். பாய்மரக் கப்பலின் பாயைப் போல அதன் கூரை இருக்கும். நம் வகுப்பறைகளில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்றைய ஆட்டம் மறக்க முடியாதது. காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள். பலஸ்தீன வீரர்களுக்குத் தங்கள் நாட்டில் லீக் போட்டிகள்கூட நடக்கவில்லை. அப்படி வந்த அணி முதல் கோலை அடித்தது. மைதானமே எழும்பி நின்றது, கட்டார் சட்டை போட்டவர்களும் கைதட்டினார்கள். கடைசியில் கட்டார் 2-1 என்று வென்றது. பிறகு கிண்ணத்தையும் வென்றது. டிக்கெட் பணம் பலஸ்தீன நிவாரணத்துக்கே போகும் என்று ஏற்பாட்டாளர்கள் முன்பே அறிவித்திருந்தார்கள்.

ஆனால் இந்தப் பதிவை எழுதவைத்தது ஆட்டம் இல்லை.

இடைவேளையில் தண்ணீர் வாங்கப் போனபோது, பச்சை மேலங்கி போட்ட ஒரு தம்பி "சேர்... டீச்சர்..." என்று ஓடி வந்தான். எங்கள் பழைய மாணவன். பெயர் வேண்டாம். எங்கள் பாடசாலையின் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் நடுவில் விளையாடியவன். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணிப் பிள்ளைகள் பின்னுக்குப் போவார்கள். ஓ.எல் எழுதினான். மறுமொழி வருவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டான், பிறகு கட்டார்.

"மெட்ச் பார்க்கிற வேலையா மகன்? நல்ல வேலைதானே" என்று கேட்டோம்.

சிரித்தான். "மெட்ச் பார்க்க ஏலா சேர். நாங்க ஆக்களைத்தான் பார்க்கணும். கிறவுண்டுக்கு முதுகு காட்டித்தான் நிற்கணும். ஆக்கள்ட முகத்தைப் பார்த்தா கோல் யாருக்கு எண்டு விளங்கும்."

பிறகு அவனாகவே சொன்னான். "தங்கச்சிட ஊட்டு வேலை இன்னும் முடியல்ல டீச்சர். பிளேட் போட்டாச்சு. மறுகா பூச்சு வேலை இருக்கு. ரெண்டு வருஷம் போகும்."

இரண்டாம் பாதி முழுவதும் நாங்கள் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கண் அவனைத்தான் தேடியது.

கட்டாரைக் குறை சொல்வதற்காக எழுதுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாட்டுக் காசு இல்லாவிட்டால் நம் ஊரில் எத்தனை அடுப்பு எரியும்? அதே நேரம், முஸ்லிம் நாடு என்பதற்காக உண்மையை மறைக்கவும் தேவையில்லை. 2010 இல் உலகக் கிண்ணம் கட்டாருக்குக் கிடைத்த பிறகு பத்து வருடங்களில், இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 6,500 க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள் என்று த கார்டியன் பத்திரிகை 2021 இல் எழுதியது. அது எல்லா வேலைகளையும் எல்லாக் காரணங்களையும் சேர்த்த கணக்கு. உலகக் கிண்ணத்தோடு தொடர்பான வேலைகளில் 400 முதல் 500 பேர் என்று ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளரே 2022 இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே கட்டார் 2021 இல் எல்லோருக்கும் பொதுவாக 1,000 ரியால் அடிப்படைச் சம்பளத்தைச் சட்டமாக்கியது, கோடையில் பகல் வெயிலில் வெளிவேலை செய்வதற்கான தடையையும் நீட்டியது. இரண்டும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஒரு பிள்ளையை நாம் அனுப்ப வேண்டும்.

எங்கள் கேள்வி கட்டாரிடம் இல்லை. நம்மிடம்தான்.

முதலாவது, வீடு. தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும் என்று பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் யார் தூக்கி வைத்தது? மார்க்கம் வைக்கவில்லை. மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. இது மிம்பரில் எத்தனையோ தடவை சொல்லப்பட்டதுதான். ஆனால் அதைச் சொல்கிறவரும் கேட்கிறவரும் தன் மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது "வீடு எந்த வீதியில்?" என்றுதான். நாங்களும் இந்த ஊர்தான். எங்கள் திருமணத்திலும் அந்தக் கேள்வி வந்தது, நாங்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். ஆகவே யாரையும் விரல் நீட்ட எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குக் கல் சுமப்பது ஓ.எல் மறுமொழிக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை என்பதையாவது தெரிந்துகொண்டு பேசுவோம்.

இரண்டாவது, கையில் ஒன்றும் இல்லாமல் அனுப்புவது. போகவேண்டிய கட்டாயம் இருந்தால் போகட்டும். ஆனால் மின்னிணைப்போ, குளிரூட்டித் திருத்தமோ, ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகட்டும். வாசலில் நிற்பவனுக்கும் மேலே விளக்கைத் திருத்துபவனுக்கும் சம்பளம் ஒன்றல்ல. ஒரு வருடம் பொறுத்தால் போதும். அந்த ஒரு வருடத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை.

மூன்றாவது, மைதானம். எறாவூரில் இருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. அதன் கரையில் எத்தனை ஊர், எத்தனை பாடசாலை. மாரி வந்தால் எத்தனை மைதானத்தில் பந்து உருளும்? மட்டக்களப்பு நகரில் வெபர் மைதானம் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு பாதிரியாரின் பெயர் அதற்கு. அவர் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தார், மண் அவர் பெயரை வைத்திருக்கிறது. நம் ஊர்களில் வெறுங்காணி கண்ணில் பட்டால் கடைத்தொகுதி கட்டலாமா, மண்டபம் கட்டலாமா என்றுதான் யோசிக்கிறோம்.

நாட்டின் நிலையும் தெரியும்தானே. 1995 இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. 2023 ஜனவரியில் ஃபீபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் நாம் ஒருதடவைகூட விளையாடியதில்லை. மேலே இருப்பவர்கள் திருந்தும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை முடிந்துவிடும்.

அறுபதாயிரம் பேர் இருக்கும் மைதானம் எங்களுக்கு வேண்டாம். தண்ணீர் வடிய ஒரு வடிகான். கொஞ்சம் மண் நிரப்பல். வலை கட்டிய இரண்டு கோல் கம்பங்கள். அஸருக்குப் பிறகு பாடசாலைக் கதவைத் திறக்க ஒரு பொறுப்பாளர். பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நேரம். இவ்வளவுதான். இதற்குக் கட்டாரின் எரிவாயு தேவையில்லை. பள்ளிவாயல் நிர்வாகமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், பழைய மாணவர்களும் ஒரு மேசையில் இருந்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் உதவுவார்கள். அந்தத் தம்பியே கேட்டான், "கிறவுண்ட்ல இன்னும் தண்ணி நிற்குதா சேர்?" என்று. ஊரை விட்டுப்போய் மூன்று வருடம். அவன் கேட்ட முதல் ஊர்க்கதை அதுதான்.

நோன்புக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலையில் கூடுவோம் என்று நினைக்கிறோம். வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது அவன் அதே இடத்தில் நின்றான். எங்களைக் கண்டு கையசைத்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கைநழுவவிட்ட பந்து உருண்டு வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, காலால் மெல்லத் தூக்கி, முழங்காலில் ஒரு தடவை தட்டி, அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தான்.

கால் மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டோம்.

அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கும், அவனைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பரக்கத் செய்வானாக.