மூணு சுழி ‘ண’ எட்டுக் கட்டத்தில் அடங்குமா?

நம்ம வீட்டுப் பிள்ளைங்க போஸ்டர் செய்தால் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரே எழுத்துதான். பழைய வீடியோ கேம் எழுத்து. தடித்தடியாக, சதுரம் சதுரமாக, ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி. பெரும்பாலும் அது ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ என்ற எழுத்துருவாக இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கும் பிடித்த எழுத்துதான். ஆனால் அதை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் டிசைனர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, ட்ரான்ஸ்ஃபர் ட்ரான்ஸ்ஃபராக ஊர் சுற்றி இப்போது புனேயில் இருக்கும் பேங்க்காரன். பாஸ்புக்கில் புள்ளி புள்ளியாகக் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு காலம் தள்ளியவன். ரிப்பன் தேய்ந்தால் 3 எது, 8 எது என்று தெரியாது. அதனால் புள்ளி எழுத்து என்றால் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன்.

முதலில் இதன் பூர்வீகம். அந்தக் காலத்து கேம் மெஷினில் மெமரி விலை அதிகம். அதனால் ஒரு எழுத்துக்கு 8-க்கு 8 கட்டம், மொத்தம் 64 புள்ளி, அவ்வளவுதான் இடம். புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தால் 8 பைட். பக்கத்து எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஓரத்தில் ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை காலி விட்டால் மிச்சம் 7-க்கு 7. இதற்குள் அழகாக உட்கார்ந்த எழுத்து 1976-ல் வந்த ‘குவிஸ் ஷோ’ என்ற ஆட்டத்தில் இருந்தது. நிற்கும் கோடு 2 புள்ளி, படுக்கும் கோடு 1 புள்ளி. பழைய பிக்சர் ட்யூபில் ஒற்றைப் புள்ளிக் கோடு செங்குத்தாக நின்றால் மங்கிவிடும், அதனால் இந்தத் தடிமன். இதே பாணியை ஜப்பானின் நாம்கோ நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1980-ல் வந்த ‘பேக்-மேன்’ திரையின் அகலம் 224 புள்ளி. வகுத்துப் பாருங்கள், வரிக்கு 28 எழுத்து. ஸ்கோர் காட்ட வேண்டும், ‘ரெடி’, ‘கேம் ஓவர்’ சொல்ல வேண்டும். அதற்கு மேல் அந்த எழுத்துக்கு வேலை கிடையாது. 1980-களின் நாம்கோ எழுத்தைப் பார்த்துத்தான் கோட்மேன்38 என்ற புனைபெயர்க்காரர் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’யைச் செய்தார்.

ஆகவே என் முதல் கட்சி: இது தலைப்பு எழுத்து. நாலு வார்த்தைக்கு மேல் போடாதீர்கள். அளவும் 8, 16, 24, 32 என்று எட்டின் மடங்காக இருக்கட்டும். நடுவில் 19, 21 என்று வைத்தால் புள்ளிகள் அரைகுறையாகி ஓரம் மசமசவென்று ஆகிவிடும்.

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் போட்ட நோட்டீஸில் தலைப்பு, நேரம், போன் நம்பர் எல்லாமே இந்த எழுத்து, அதுவும் பொடிசாக. திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் லிஃப்ட் பக்கத்தில் நின்று, “தம்பி, இது ஆறு மணியா எட்டு மணியா?” என்று கேட்டார். பாஷை தெரியாத ஊரில் பகல் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பவருக்கு, தமிழில் பேச ஆள் கிடைக்கும் சாயங்காலம் அது ஒன்றுதான். ஸ்டைலுக்காக அவர் அதைத் தவறவிட வேண்டுமா?

இரண்டாவது கட்சி கொஞ்சம் பெரியது. இந்த எழுத்துருவில் ஆங்கிலம் உண்டு, கிரேக்கம் உண்டு, ரஷ்ய எழுத்தும் உண்டு. தமிழ் கிடையாது. தமிழில் அடித்தால் கம்ப்யூட்டர் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடும். ஆங்கிலம் ஜம்மென்று நிற்க, பக்கத்தில் தமிழ் ஒல்லியாக, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி நிற்கும். அடுத்த முறை பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தமிழ் வரியைத் தூக்கிவிட்டு ‘பொங்கல் விழா’வை ஆங்கில எழுத்திலேயே அடிப்பார்கள். பள்ளியில் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் படித்து, தமிழை வீட்டுப் பேச்சில் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். எழுத்து இப்படித்தான் சத்தமில்லாமல் கைநழுவும்.

சரி, தமிழையும் 8 கட்டத்துக்குள் திணித்தால்? கணக்கு உதைக்கும். மூணு சுழி ‘ண’வுக்குக் குறைந்தது நாலு நிற்கும் கோடு வேண்டும். ஒவ்வொன்றும் 2 புள்ளி என்றால் 8. நடுவில் 3 இடைவெளி. மொத்தம் 11. கையில் இருப்பதோ 7. மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேலே இடம் வேண்டும், ‘கூ’வின் வாலுக்குக் கீழே இடம் வேண்டும். சுழியை வெட்டினால் ‘ண’ ‘ன’வாகிவிடும். அது எழுத்தே இல்லை.

கட்டத்துக்காக எழுத்தை வெட்டாமல், எழுத்துக்குத் தகுந்த கட்டம் போட வேண்டும். முடியாத காரியமல்ல. 1984-ல் ஆப்பிளின் மேக்கின்டாஷுக்கு சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’வும் தடித்த புள்ளி எழுத்துதான். அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற கட்டாயம் இல்லை. ‘யூனிஃபான்ட்’ என்ற இலவச எழுத்துரு 16 புள்ளி உயரத்தில் தமிழையும் வைத்திருக்கிறது. மெல்லிய கோடு, தலைப்புக்கு எடுபடாது. ஆனால் கட்டம் பெரிதானால் தமிழ் உட்காரும் என்பதற்கு அது சாட்சி.

தடித்த தமிழுக்கு யாராவது வழி செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு எல்லார் வீட்டிலும் இருக்கும். 16 கட்டம் உயரம், அகலம் எழுத்தின் இஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவரவர் பெயரைத் தமிழில் கட்டம் நிரப்பி வரையச் சொல்லுங்கள். எந்தப் புள்ளியை எடுத்தாலும் ‘ண’ ‘ண’வாகவே இருக்கும், எதை எடுத்தால் மாறிவிடும் என்று அவர்களே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை போட்ட பிள்ளைக்கு அந்த எழுத்து மறக்காது. நாம் உட்காரவைத்து நூறு தடவை எழுதச் சொல்வதைவிட இது மேல்.

உங்கள் வீட்டில் வரைந்தால் சொல்லுங்கள். நோட்டீஸில் நேரத்தை மட்டும் சாதா எழுத்தில் போடுங்கள், புண்ணியமாகப் போகும் :-)