வெறும் கல்லைப் பார்க்கவா பஸ் சார்ஜ்?

போன மாதம் ஒரு விபத்துச் செய்தி சேகரிக்க காட்டூர் பக்கம் போயிருந்தோம். வேலை முடிந்தது. திரும்பி வர பஸ் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பக்கத்தில் ஒரு மீனவர். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்பவர். பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் மனக்குறையைக் கொட்டிவிட்டார்.

"தம்பி, லீவுல பசங்கள மியூசியம் கூட்டிக்கினு போனேன். நானு, சம்சாரம், ரெண்டு பசங்க. ஒரு நாள் தொழில் போச்சு. பஸ்ஸுக்கும் சோத்துக்கும் ஆன காசு வேற. உள்ளே போனா ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுக்குள்ள கல்லு. 'இது இன்னாப்பா?'ன்னு சின்னவன் கேட்டான். எனக்கு இன்னா தெரியும்? 'கல்லுடா, வா'ன்னு இழுத்துக்கினு வந்துட்டேன். அரை மணியில எல்லாம் பாத்து முடிஞ்சு போச்சு. வெறும் கல்லைப் பாக்கவா அவ்ளோ தூரம் போனோம்?"

எந்த மியூசியம் என்பது இங்கே முக்கியமல்ல. எந்த ஊரிலும் நடப்பதுதான். லீவு விட்டால் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். வாசலில் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியே வருகிறார்கள். பிள்ளைக்கு நினைவில் நிற்பது ஐஸ்கிரீம் மட்டுமே!

குற்றம் அந்த மீனவர் மீதா? இல்லவே இல்லை. ஒரு நாள் கூலியைத் துறந்து பிள்ளைகளுக்கு நாலு விஷயம் தெரியட்டும் என்று போனவர் அவர். அவரைக் கும்பிட வேண்டும். அந்தக் கல்லின் கதையை அவருக்குச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. அதுதான் குற்றம்.

கல்லின் கதை

அவர் பார்த்தது எந்தக் கல்லோ, நாம் அறியோம். ஆனால் அவருடைய சொந்த ஜில்லாவிலேயே ஒரு கல் இருக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள்.

1863-ம் வருஷம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர், பூமியின் பாறைகளை ஆராயும் அரசு இலாகாவில் அதிகாரி. மே 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்தார். தானாக உடைந்த கல் அல்ல, மனிதன் கையால் செதுக்கிய கோடாரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் ஆதிமனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங் என்ற இன்னொரு அதிகாரியும் அத்திரம்பாக்கம் போனார்கள். அது எங்கே இருக்கிறது? திருவள்ளூர் ஜில்லாவில், பூண்டி ஏரிக்குப் பக்கத்தில். அங்கே அதே மாதிரிக் கற்கள் ஏராளமாகக் கிடைத்தன.

அந்தக் கற்களுக்கு வயது என்ன? சாந்தி பப்பு என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தார்கள். 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 15 லட்சம் வருஷம்! ராஜராஜ சோழன் காலம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்றாலே வாயைப் பிளக்கிறோம். இது அதைப் போல் ஆயிரத்து ஐந்நூறு மடங்கு.

இதற்காகவே தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-ல் பூண்டியில் ஓர் அகழ்வைப்பகம் திறந்தது. சென்னைக்காரர்களுக்குப் பூண்டி என்றால் குடிதண்ணீர் ஏரி மட்டும்தான். அதன் கரையில் மனிதன் தோன்றிய கதை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

"வெறும் கல்லு" என்றாரே அந்த மீனவர்? அவருடைய ஜில்லாவில் மனிதன் முதன்முதலில் கையில் எடுத்த ஆயுதம் ஐயா அது!

வீட்டு வாசலில் சரித்திரம்

பூண்டி வரைக்கும் கூடப் போக வேண்டாம். காட்டூரிலிருந்து பழவேற்காடு பக்கம்தானே?

டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்குப் பழவேற்காடுதான் தலைநகரம். இங்கே இருந்து துணி கப்பலேறிப் போனது. அந்தத் துணி விற்ற காசில் கிழக்குத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

துணி மட்டுமா போனது? மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலத்தில் இந்தக் கரையோரத்து ஏழை ஜனங்களை அடிமைகளாக வாங்கி, ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. போனவர்கள் யார்? இதே ஏரிக்கரை ஜனங்களின் மூதாதையர்கள்கூட அவர்களில் இருந்திருக்கலாம். இது எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும்?

இன்றைக்கு அந்தக் கோட்டை புதர் மண்டிக் கிடக்கும் மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் மத்திய தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பம்! எந்தப் பையனும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வரமாட்டான். நூறு கேள்வி கேட்பான். பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை அந்தக் காலத்தில் பட்டணத்து ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். இரண்டுமே படிப்பு சொல்லித் தரும் இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானே காலேஜ் என்று பெயர் வைத்தார்கள்!

1851-ல் தொடங்கியது அந்த அருங்காட்சியகம். உயிர் காலேஜும் முதலில் அதே வளாகத்தில்தான் இருந்தது. பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-ல் வண்டலூருக்குப் போனது. ஃபூட் வாழ்நாள் முழுவதும் சேர்த்த கற்கருவிகள் 1904-ல் எழும்பூருக்கே வந்து சேர்ந்தன. அங்கேதான் ஆதிச்சநல்லூர் புதைபொருட்களும், அமராவதி சிற்பங்களும், சோழர் காலத்து வெண்கலச் சிலைகளும் இருக்கின்றன.

மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் கூப்பிடு தூரம். ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை விசாரிக்காமல் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கலாம்.

பெற்றோருக்கு நாலு வார்த்தை

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். பிள்ளைக்கும் கால் வலிக்கும், உங்களுக்கும் தலை வலிக்கும். இரண்டு கூடம் போதும்.

போவதற்கு முந்திய ராத்திரி, என்ன பார்க்கப் போகிறோம் என்று ஒரு கதை மாதிரி சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையின் வாத்தியாரைக் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை.

உள்ளே போனதும் பிள்ளையிடம், "உனக்குப் பிடிச்ச ஒரே ஒரு சாமானைக் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் படமாக வரையச் சொல்லுங்கள். அந்த ஒன்று அவன் மனசில் ஆயுசுக்கும் நிற்கும்.

தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். "கல்லுடா, வா" என்று மட்டும் இழுக்காதீர்கள்.

அதிகாரிகளுக்கு

பெற்றோருக்குப் புத்தி சொல்வது சுலபம். சர்க்கார் என்ன செய்யப்போகிறது? நாம் கேட்பது பெரிய கட்டடமல்ல, கோடி ரூபாயுமல்ல.

ஒன்று: லீவு நாட்களில் பொன்னேரியிலிருந்து பூண்டிக்கு நேராக ஒரு பஸ். காலையில் போய் சாயந்திரம் திரும்பட்டும். இன்றைக்கு ஏரிக்கரைக் குடும்பம் பூண்டிக்குப் போக வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் தீர்ந்துவிடும்.

இரண்டு: கண்ணாடிப் பெட்டிகளின் மேல் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நாலு வரி. 'கீழைப் பழங்கற்காலக் கைக்கோடாரி' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? 'இந்தக் கல்லால் ஆதிமனிதன் இறைச்சி வெட்டினான்' என்று எழுதினால் ஆகாதா?

மூன்று: வர முடியாதவர்களைத் தேடிப் போகட்டும். ஒரு பெட்டியில் நாலு கற்கருவி, நாலு படம், விவரம் தெரிந்த ஓர் ஆள். மாதம் ஒரு முறை காட்டூர், பழவேற்காடு பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வரட்டும். திரும்பும்போது ஏரிக்கரையின் பழைய வலைகளையும், 'பாடு' முறைப்படி மீன்பிடி உரிமையைப் பங்கிட்டுக்கொள்ளும் கதையையும், பனை ஓலையில் பெண்கள் பின்னும் பெட்டிகளையும் கேட்டு வாங்கிப் போகட்டும். அவையும் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவைதானே?

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று அதிகாரிகள் சாக்குச் சொல்லக்கூடாது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்ததும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அங்கே போகவில்லையா? நம்முடைய கதை என்று தெரிந்தால் நம் ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள்.

பஸ் வருவதற்குள் அந்த மீனவரிடம் அத்திரம்பாக்கத்துக் கல்லின் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"இத அங்கியே எவனாவது சொல்லியிருந்தா, சின்னவனுக்கு நான் பதில் சொல்லியிருப்பேனே தம்பி?"

நியாயமான கேள்வி. அதிகாரிகள் பதில் சொல்வார்களா?